பின்மதில் எருக்கு

பெல்ட்டில் சோப்புகள் வந்துகொண்டே இருந்தன. அவள் ஒன்றை எடுத்து அட்டைப்பெட்டிக்குள் தள்ளினாள், மூடியை மடித்தாள், அடுத்ததற்குக் கை நீட்டினாள். வலது குதிகாலில் ஆணி அடித்தது போல வலித்தது. உடம்பின் பாரத்தை இடது காலுக்கு மாற்றினாள். பேக்கிங் பகுதியில் யாரும் உட்காரக் கூடாது. வலி தாங்காமல் காலிப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்த ஒருத்தியை, இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

பக்கத்தில் நின்று வேலை செய்த அண்ணிதான் வழி சொன்னாள். "எருக்க இலை ஒத்தடம் குடுத்துப் பாரு. எங்கம்மாவுக்குக் கேட்டுச்சு. அந்தப் பால் மட்டும் கண்ணுல பட்டுடாம பாத்துக்க."

தொழிற்சாலையின் பின்மதிலை ஒட்டி, சாக்கடை ஓரத்தில் எருக்கு புதராக மண்டிக் கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் இலை பறித்து வந்தாள். இரவு, மூட்டை தூக்கிக் களைத்து வீடு வந்த கணவன், அடுப்பில் செங்கல்லைச் சுடவைத்து, அதன்மேல் இலைகளைப் பரப்பினான். அவள் குதிகாலை மெல்ல ஊன்றினாள்.

"சுடுதா?"

"சுடட்டும். இதமா இருக்கு."

சில நாளில், காலையில் சுவரைப் பிடிக்காமலே குழாயடிக்குப் போய் வந்தாள். இலை பறிக்கும்போதெல்லாம் "நல்லா இருப்பே" என்று செடியிடம் முணுமுணுப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. ஆடுகூட வாய் வைக்காத அந்த இலையை மஞ்சளும் கறுப்புமாய் வரி போட்ட புழுக்கள் ஆசை ஆசையாகத் தின்றன. அவை இருந்த கிளையை விட்டுவிட்டுப் பறித்தாள்.

ஒருநாள் மதியம் போனபோது மதிலோரம் மொட்டையாகக் கிடந்தது. கடைசிப் புதரின் முன்னால் தோட்டக்காரர் அரிவாளோடு குந்தியிருந்தார்.

"அண்ணே, அதை மட்டும் விட்டுடுங்கண்ணே. அதாலதான் என் கால் நடக்குது."

"மேலிடத்து ஆளுங்க வர்றாங்களாம். ஒரு களை கண்ணுல படக் கூடாதுங்கறாங்க." அவர் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் பச்சை மணி போல ஒரு கூடு தொங்கியது. "எனக்கும் கை வரலைம்மா. இந்தச் செடியை விட்டா இதுங்களுக்குப் போக்கிடம் ஏது?"

"மாட்டிக்கிட்டா?"

"திட்டுவாங்க. வாங்கிக்க வேண்டியதுதான். அந்தப் பலகையை இப்படிப் பிடி."

உடைந்த பலகைகளைச் செடியைச் சுற்றி இருவருமாகச் சாய்த்து மறைத்தார்கள்.

வந்தவர்கள் முன்வாசலையும் பளபளத்த தரையையும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். சாக்கடைப் பக்கம் எவரும் எட்டிப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் தோட்டக்காரர் கையசைத்துக் கூப்பிட்டார். அவளும் அண்ணியும் போய்த் தரையில் உட்கார்ந்தார்கள். கூடு பிளந்திருந்தது. அதைப் பற்றிக்கொண்டு ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி ஒன்று, கசங்கிய ஈர இறக்கைகளோடு தொங்கியது.

"தொட்டுடாதீங்க. இறக்கை காயற வரைக்கும் அது அப்படியேதான் இருக்கும்," என்றார் அவர்.

"எவ்வளவு நேரம் ஆகும்ணே?"

"அதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

அவள் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு நிறைந்திருந்தது. "நீங்க நல்லா இருக்கணும்ணே," என்றாள். அவர் வெட்கப்பட்டது போல அரிவாளைத் துடைத்தார்.

மணி அடித்தது. பெண்கள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். பெல்ட் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. அவள் இடத்தில் சோப்புகள் குவிந்து கிடந்தன. அவள் இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றி நின்றுகொண்டாள்.