விளிம்பில் ஒரு கோடு

கீறல் விழுந்த பிளாஸ்டிக் உறையை உடைத்துக் காசை வெளியே எடுத்தபோதுதான் வான்மதி அந்தக் கோட்டைப் பார்த்தாள். விளிம்பைச் சுற்றி மயிரிழை அளவுக்கு, இரண்டு தகடுகளை ஒட்டிய தடம். அச்சில் அடித்த காசில் அப்படி ஒரு ஒட்டு இருக்காது.

செம்புக் காசு அது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன், ஐந்து டாலர் தங்க நாணயத்தை வெளியிடுமுன் அச்சு சரியாக விழுகிறதா என்று செம்பில் அடித்துப் பார்த்த மாதிரிக் காசு. அப்படி ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருக்கும் என்பதால் தங்கத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம். அசல் என்று பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சான்று தந்தவர், பிளெய்ன்ஸ்பரோவில் வான்மதி வேலை பார்க்கும் இந்த நாணயப் பரிசோதனைக் கூடத்தை நடத்தும் ஸ்ரீநிவாஸ். அதை நம்பி வாங்கியவர் ஓய்வுபெற்ற டாக்டர் நவரத்தினம். உறையை மாற்றிக்கொண்டு போக வந்து, வரவேற்பறையில் காத்திருந்தார். காசை ஏலத்தில் விற்று, மனைவி ராஜராணியை நல்ல பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கப் போவதாக வான்மதியிடம் சொல்லியிருந்தார். நினைவு தப்பிக்கொண்டிருக்கும் ராஜராணி ஆன்ட்டிக்கு இப்போது அவரையே அடையாளம் தெரிவதில்லை.

வான்மதி இரண்டு முறை எடை பார்த்தாள். இரண்டு முறையும் இருக்க வேண்டியதைவிடக் குறைவாகவே காட்டியது. ஸ்ரீநிவாஸின் அறைக்குக் கொண்டுபோனாள். அவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"புது கேஸ்ல போட்டு சீல் பண்ணிக் குடுத்துடு," என்றார். கொஞ்சம் கழித்து, குரலை உயர்த்தாமலே, "உன் கிரீன் கார்டு பேப்பர்ஸ் இந்த வாரம் நான் சைன் பண்ணணும்ல?"

கணவன் மதனுக்கு வேலை போய் நான்கு மாதமாகிறது. இவளுடைய விசாவில்தான் வீடே நிற்கிறது. காசைப் புது உறையில் வைத்தாள். இயந்திரத்தின் பிடியை அழுத்தினால் முடிந்துவிடும். கை அழுத்தவில்லை. உறையை அப்படியே எடுத்துக்கொண்டு வரவேற்பறைக்குப் போய், கோட்டைக் காட்டி, அது நகல் என்று சொல்லிவிட்டாள்.

நவரத்தினம் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நீர் சொல்லுறது விளங்குது பிள்ளை. இதை எழுதித் தருவீரோ?"

எழுத வேண்டிவரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. வாயால் சொன்னதை இல்லை என்றுவிடலாம். மேசையில் உட்கார்ந்து தேதியை எழுதினாள், எடையை எழுதினாள், விளிம்பில் கண்டதை எழுதினாள். கையெழுத்திட்டபோது கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஸ்ரீநிவாஸ் எழுந்து நின்றது தெரிந்தது.

நவரத்தினம் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். காசு மேசையிலேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

மழை விட்டிருந்தது. அவர் காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். காரின் காய்ந்த முன்கண்ணாடியில் வைப்பர் கிறீச்சிட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் தட்ட உயர்த்திய கையோடு வான்மதி அப்படியே நின்றாள்.