தொட்டித் திறப்பு விழாவின் இரண்டாவது போட்டோ

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். ஆனால் அன்றைக்கு வந்ததில் தப்பே இல்லை. பெரம்பலூரில் நான் வேலை பார்த்த நெட் சென்டரில் மொத்தம் நாலு கம்ப்யூட்டர், ஒரே போன் லைன், ஒரு ஃபேன். அதற்குள் எங்கள் ஊர் பிரசிடெண்ட் பழனிவேல் பதினேழு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது? ஒருத்தராவது செருப்பை வெளியில் விட்டிருக்கலாம்.

விஷயம் இதுதான். 2003-ல் எங்கள் ஊருக்கு ஒரு வெப்சைட் வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்தது. அரவிந்தன் என்பவன் அங்கிருந்து அதைப் பார்த்துக்கொண்டான். ஊரில் ஏதாவது நடந்தால் நான் கட்டுரை எழுதி, போட்டோவை ஸ்கேன் பண்ணி அவனுக்கு மெயிலில் அனுப்ப வேண்டும், அவன் சைட்டில் ஏற்றுவான். ஞாயிற்றுக்கிழமை லீவில் பையன்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். கட்டுரைக்குக் கீழே 'ஜெயசித்ரா' என்று என் பேர் வரும். அந்த ஒரு ஆசைக்குத்தான் இந்த வேலையைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

அந்த வாரம் ஊரில் புதுத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தார்கள். ஸ்டுடியோ பிச்சைமுத்து அண்ணன் வந்து குரூப் போட்டோ எடுத்தார். குரூப் போட்டோவுக்கு எங்கள் ஊரில் ஒரு முறை இருக்கிறது. பெரிய மனிதர்கள் முன்னால் நாற்காலியில் உட்காருவார்கள், அவர்களுக்கு வேண்டியவர்கள் பின்னால் நிற்பார்கள், மிச்சம் மீதி இருப்பவர்கள் கடைசியில் பெஞ்சின் மேல் ஏறி நிற்க வேண்டும். நடுவில் பஞ்சாயத்து ஆபீசின் தேக்கு நாற்காலியைப் போட்டிருந்தார்கள். அதை நகர்த்த நாலு ஆள் வேண்டும். அதன் முதுகில் வெள்ளைத் துண்டை விரித்து பிரசிடெண்ட் உட்கார்ந்தார். பெஞ்சின் மேல் ஓரமாக நின்றது காத்தாயி பெரியம்மா. தொட்டிக்கு மோட்டார் போட்டு வால்வு திறந்து மூடுவது அவர்தான்.

பெரியம்மா எங்களுக்குப் பக்கத்து வீடு. மகன் தமிழ்மாறன் சிங்கப்பூரில் இருந்தான். பொங்கலுக்கு வந்தவன், அம்மா பிரசிடெண்ட் வீட்டு வாசலில் கை கட்டி நிற்பதைப் பார்த்துவிட்டுப் பெரிய சண்டை போட்டான். "அவங்க எதிர்ல நீ ஒரு நாளாச்சும் உக்காந்து நான் பாத்ததில்ல. நின்னுக்கிட்டே கெட. நான் இனிமே பேசுனா கேளு" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். ஏழு மாதமாக ஒரு போன் இல்லை. எங்கள் வீட்டு போன் அடித்தால் போதும், பெரியம்மா கை வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார். ராங் நம்பராக இருக்கும்.

விழா அன்றைக்குப் போட்டோ எடுத்து முடித்ததும் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏ ஆயி, இத அவன் பாப்பானா? என் மொகம் தெளிவா தெரியுமா?"

"தெரியும் பெரிம்மா. ஞாயித்துக்கெழம பாப்பான்."

"மொகத்தப் பாத்துட்டா பேசாம இருக்க மாட்டான்டி. அவ்வளவு நெஞ்சழுத்தக்காரன் இல்ல" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

வியாழக்கிழமை கட்டுரை ஏறிவிட்டது என்று அரவிந்தன் மெயில் போட்டான். அதைப் பார்க்கத்தான் இந்த வேன். பிரசிடெண்ட் முன்பே என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், "தீப்பெட்டிப் படம் மாதிரி சின்னதா போட்டுறாத பாப்பா" என்று. சரி, அனுபவியுங்கள் என்று நானும் பெரிசாகவே ஸ்கேன் பண்ணி அனுப்பியிருந்தேன். அனுபவித்தது நான்தான்.

எங்கள் போன் லைனில் படம் மேலிருந்து கீழாக, சுருட்டிய பாயைப் பிரிப்பது போல, விரல்கடை விரல்கடையாக இறங்கும். முதலில் வானம் வந்தது. பத்து நிமிஷம் வானமே வந்தது. பிறகு தொட்டி. தொட்டி மேல் ஒரு காக்கா.

"காக்காயெல்லாம் வந்துருச்சு" என்றார் பிரசிடெண்ட்.

அதன் பிறகு காத்தாயி பெரியம்மாவின் கனகாம்பரம், நெற்றி, முழு முகம். அடுத்து நடு வரிசை இறங்கியது. வேனில் வந்தவர்கள் ஒவ்வொருத்தராகத் தன்னைக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். கடைசியில் பிரசிடெண்டின் மையடித்த தலைமுடி தெரிந்தது. அதோடு லைன் கட்.

மறுபடி போட்டேன். மறுபடி வானம், காக்கா, கனகாம்பரம். இந்தத் தடவை புருவம் வரைக்கும் வந்து கட்டாகியது. மூன்றாவது தடவை காக்காவோடு நின்றுவிட்டது.

பிரசிடெண்ட் எழுந்து நின்றார். "யாரு சொல்லி என்னைய வெட்டுன பாப்பா?"

"யாரும் வெட்டலைங்க. படம் மேலேருந்துதான் வரும். நீங்க கீழ உக்காந்திருக்கீங்க, அதனால கடைசியா வர்றீங்க" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யார் கேட்டார்கள் என்னை?

அவர் ஸ்கிரீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப மேல நிக்கிறவன்தான் மொதல்ல வருவானா?"

"ஆமாங்க."

"நாளைக்குக் காலையில திரும்ப எடுக்குறோம். பழசத் தூக்கிரச் சொல்லு."

வெள்ளிக்கிழமை காலை, திறந்த தொட்டிக்கு மறுபடி ரிப்பன் கட்டினார்கள். விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. முன் வரிசையில் உட்கார ஒரு ஆள் இல்லை. பெஞ்சில் இடம் பிடிக்க அடிதடி. முன்னாள் பிரசிடெண்ட் அய்யம்பெருமாள் பெஞ்சுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அதற்கு மேல் ஏறினார். அதைப் பார்த்து மற்ற நாற்காலிகளும் மேலே போயின. பழனிவேல் யோசித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியின் இரும்பு ஏணியில் ஆறு படி ஏறி, ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கும்பிடு போட்டார். ஒற்றைக் கைக் கும்பிடு. அதையும் பார்த்தேன்.

கீழே தேக்கு நாற்காலி மட்டும் வெள்ளைத் துண்டோடு தனியாகக் கிடந்தது. அதை மேலே தூக்க யாராலும் முடியவில்லை.

"வெறும் நாற்காலிய எடுத்தா யாரோ செத்துட்ட மாதிரி இருக்குங்க. யாராச்சும் உக்காருங்க" என்றார் பிச்சைமுத்து அண்ணன்.

யாரும் காதில் வாங்கவில்லை. ஓரமாக நின்ற பெரியம்மாவைப் பிரசிடெண்ட் ஏணியில் இருந்தே பார்த்துவிட்டார். "காத்தாயி, நீ உக்காரு."

"நானாங்க? வேணாங்க. நான் பின்னாடியே நிக்கிறங்க."

"பின்னாடி எடம் எங்க இருக்கு? உக்காருன்னா உக்காரு." பேசிப் பயனில்லை என்று ஆறு படியும் இறங்கி வந்து, பெரியம்மாவைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மறுபடி ஏணியில் ஏறிக்கொண்டார்.

போட்டோ எடுத்த பிறகு பெரியம்மா என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "ஜெயா, நான் அடியில போயிட்டனே. பழசுலயாச்சும் என் மொகம் மொதல்ல வந்துச்சு. அதையே வுட்டுரச் சொல்லேன்டி."

"பிரசிடெண்டு விட மாட்டாரு பெரிம்மா" என்றேன். சொல்லிவிட்டு என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமை புதுப் படம் ஏறியது. வேனும் வந்தது, இந்த முறை பெரியம்மாவும் பின் சீட்டில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். வானம், தொட்டி, அதன் பிறகு முழுசாகப் பிரசிடெண்ட், ஒற்றைக் கைக் கும்பிடோடு. கை தட்டினார்கள். அடுத்து அய்யம்பெருமாளின் தலை தெரிய ஆரம்பித்ததும் லைன் கட். "போதும் பாப்பா, அருமை" என்று பிரசிடெண்ட் எழுந்துவிட்டார். வேனில் ஏறும் வரை பெரியம்மா திரும்பித் திரும்பி ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு போன் அடித்தது.

"ஜெயா, நான் தமிழு. அம்மாவக் கூப்புடு."

நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பெரியம்மா ஈரக் கையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவன் கத்திப் பேசியது எனக்கும் கேட்டது.

"பாத்தியாடா? நான் அடியிலல்ல இருக்கேன். எவ்வளவு நேரமாச்சு நான் வர?"

"நேரமா? இங்கல்லாம் தட்டுன ஒடனே மொத்தப் படமும் வந்துரும்மா. நீ பிரசிடெண்டு சேர்ல உக்காந்திருக்க. ஊரே உன் பின்னாடி நிக்கிது. ரூம்ல எல்லாப் பயலும் சுத்தி நின்னு பாக்குறானுங்க. யாரும்மா உன்னைய உக்காரச் சொன்னது?"

"பிரசிடெண்டுதான். வேணாம்னேன், கேக்கல. எறங்கி வந்து தோளப் புடிச்சி உக்கார வச்சாரு."

லைன் போய்விட்டது என்றே நினைத்தேன், எங்கள் லைனை எனக்குத் தெரியாதா. பிறகு அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஏம்மா, பின்னாடி ஏணியில ஒருத்தன் தொங்குறானே, அது யாரு?"

"அதான்டா பிரசிடெண்டு."

அவன் சிரித்த சிரிப்பில் பெரியம்மா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். மறுபடி வைத்தபோது அவன் கேட்டான்.

"நின்னுக்கிட்டா பேசுற?"

பெரியம்மா சுற்றிலும் பார்த்தார். "இரு" என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.