நாற்பத்தோராம் எண் குதிரை

குதிரை வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும் ஒரே வசனம்தான் இருக்கும். "என் குதிரைய எனக்குத் தெரியாதா?" பதினாறு வருடமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று.

குதிரையின் முகத்தில் வலி எப்படித் தெரியும் என்பதுதான் என் ஆராய்ச்சி. காது, கண்ணுக்கு மேலே விழும் மடிப்பு, தாடைத் தசை, வாய், மூக்குத் துளை, மோவாய் என்று ஆறு இடம் பார்ப்பேன். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு. மொத்தம் பன்னிரண்டு. ஆறைத் தாண்டினால் அந்தக் குதிரை எங்கோ நொந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சொன்னால் சொந்தக்காரர் சண்டைக்கு வருவார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று மனதுக்குள் சிரித்துக்கொள்வேன்.

இந்தக் குளிர்காலத்தில் அறுபது குதிரைகளைப் படம் பிடித்தோம். முப்பது, சிகிச்சைக்கு வந்தவை. முப்பது, நோய்நொடி இல்லாதவை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. ஆள் இல்லாத நேரத்தில் லாயத்துச் சுவரில் மாட்டிய கேமரா தானாகவே படம் எடுக்கும். மதிப்பெண் போடுகிறவருக்கு எந்தக் குதிரை என்று தெரியக்கூடாது. அதனால் எங்கள் புள்ளிவிவரக்காரன் சிக்ஸ்டன் எல்லாப் படங்களையும் கறுப்பு வெள்ளையாக்கி, நெற்றித் திட்டுகளை அழித்து, தலை மட்டும் தெரியும்படி வெட்டி, எண் போட்டுக் கொடுத்தான். எந்த எண் எந்தக் குதிரை என்ற பட்டியல் அவனிடம் மட்டும் இருந்தது.

மூன்று வாரம் உட்கார்ந்து மதிப்பெண் போட்டேன். நாற்பத்தோராம் எண்ணைப் பார்த்தபோது மட்டும் கை நின்றது. காது இரண்டும் விலகிச் சரிந்திருந்தன. கண்ணுக்கு மேலே முக்கோணமாக மடிப்பு. தாடை இறுகிக் கிடந்தது. பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறது என்று நினைத்தேன். ஒன்பது போட்டேன்.

பட்டியலைத் திறக்கிற நாளில் பச்சை நிறக் கேக் ஒன்று வெட்டுவது எங்கள் ஆய்வுக்கூடத்து வழக்கம். காப்பி ஊற்றி, கேக்கில் கத்தியை வைத்தேன். சிக்ஸ்டன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எல்லாம் அழகா வந்திருக்கு குன்வோர். நோயாளிங்க மேல, நல்ல குதிரைங்க கீழ. ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது."

"எது?"

"நாப்பத்தொண்ணு. நீ ஒம்போது போட்டிருக்க. ஆனா அது நல்ல குதிரைங்க பட்டியல்ல இருக்கு."

"அதுவா நல்ல குதிரை? எவன் குடுத்தான் அத? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு அவனுக்கு?"

சிக்ஸ்டன் கேக்கைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"உன்னோடதுதான். தூவா."

"உளறாத. நம்பர மாத்திப் போட்டிருப்ப."

"மூணு தடவ சரிபாத்துட்டேன்."

"அட போப்பா! என் குதிரைய எனக்குத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அவன் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்கவில்லை. அசல் படத்தைத் திறந்து காட்டினான். செம்பழுப்பு முகம், நெற்றியில் வெள்ளைத் திட்டு. என் தூவாவேதான்.

வெளியார் குதிரைகளை மருத்துவர் பார்த்துச் சான்று தந்த பிறகே நல்ல குதிரைகள் பட்டியலில் சேர்த்தோம். எங்கள் ஊழியர்களின் குதிரைகளுக்கு ஒரு தாள் நிரப்பினால் போதும். "நம்ம ஆளுங்களுக்கு எதுக்கு டாக்டர்? பாத்தாலே தெரியாதா நமக்கு?" என்று கூட்டத்தில் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். வலி உண்டா என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

"வேணும்னா இந்த ஒண்ண எடுத்துடலாம்," என்றான் மெதுவாக. "அறுபதுல ஒண்ணு. யாரும் கேக்க மாட்டாங்க."

"எடுத்தன்னா கைய ஒடிச்சுடுவேன்."

கேக்கை அப்படியே விட்டுவிட்டுக் காரை எடுத்தேன். மணி மூன்றுதான், எங்கள் வடக்கத்திக் குளிர்காலத்தில் அதற்குள் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. லாயத்து வாசலில் காரை நிறுத்தி, இறங்காமல் போனில் கேமராவைப் பார்த்தேன். தூவா மூலையில் தலை தாழ்ந்து நின்றாள். அதே காது, அதே மடிப்பு. இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன். சட்டென்று காதுகள் முன்னால் நிமிர்ந்தன. கண் விரிந்தது. கனைத்துக்கொண்டே வந்து என் கோட்டுப் பையில் மூக்கை நுழைத்துக் கேரட் தேடினாள். எட்டு வருடமாக நான் பார்த்து வந்தது இந்த முகத்தைத்தான்.

போன வருடத்திலிருந்தே இடப்பக்கம் ஓட மறுத்தாள். சேணம் பூட்டும்போது திரும்பிக் காற்றைக் கடித்தாள். சோம்பேறிக் கழுதை, கிழட்டுக் கோபம் என்று திட்டினேன். சாட்டையாலும் இரண்டு தட்டு தட்டியிருக்கிறேன். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல்.

மறுநாள் கால்நடை மருத்துவர் சீவ் வந்தாள். என்னோடு படித்தவள், வாய் கொஞ்சம் நீளம். தூவாவின் முதுகில் விரலை வைத்து அழுத்தினாள். வலியில் முதுகு பள்ளமாக இறங்கியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், சேணம் உட்காரும் இடத்தில் முதுகெலும்பின் முனைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

"எத்தன நாளா இருக்கும்டி இது?" என்றேன்.

"நீ எத்தன நாளா அவளத் திட்டிட்டு இருக்க?"

"ஒரு வருஷமா."

"அப்ப ஒரு வருஷமாத்தான்."

அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது.

"இனிமே ஏறலாமா?"

"ஏறுறத விடு. மொதல்ல வலி அடங்குதான்னு பாப்போம். ரெண்டு வாரத்துக்கு மருந்து குடு. அடங்கலன்னா அப்புறம் வேற விதமாத்தான் யோசிக்கணும், புரியுதா?" புரிந்தது, ஊசி போட்டு முடித்துவிடுவதைத்தான் சொன்னாள். "இன்னொண்ணு. பக்கத்துல நின்னு பாக்காத. உன்னக் கண்டா அவ மூஞ்ச மாத்திக்குறா."

மருந்தைக் காலையும் மாலையும் தீனியில் கலந்து வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். மதியம் காரில் உட்கார்ந்து போனில் பார்ப்பேன். முதல் நாள் எட்டு. நான்காம் நாளும் எட்டு. ஏழாம் நாள் ஏழு. சிக்ஸ்டன் தினமும் "என்ன ஆச்சு?" என்று கேட்டான். அவன்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்வான்!

பதினோராம் நாள் மதியம் தூவா வைக்கோலை முகர்ந்தாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். முன்னங்கால்களை மடக்கினாள். பிறகு உடம்பு மொத்தத்தையும் சாய்த்துக் காலை நீட்டிப் படுத்துவிட்டாள். கண் மூடியது. கீழுதடு தொங்கியது. அவள் இப்படிப் படுத்து நான் கடைசியாகப் பார்த்தது எப்போது? யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. படுத்து எழ முதுகு விடாமல் அவ்வளவு நாளாக நின்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

மதிப்பெண் போடத் தோன்றவில்லை. ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும்போல் இருந்தது. லாயத்துக் கதவு பத்தடியில்தான் இருந்தது. கார் கதவில் கையும் வைத்துவிட்டேன்.

நான் போனால் எனக்காக எழுந்து நிற்பாள். கையை எடுத்துக்கொண்டேன்.