வருஷத்துக்கு ஒரு மலை நாவல்

என் சித்தி மகள் நாவல் எழுதியிருக்கிறாள். நன்றாக எழுதியிருக்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது. இதில் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது?

எங்கள் மலைச்சனத்தில் முதலில் எழுத வந்தவள் நான். என் பதிப்பாளரை எல்லோரும் தோழர் என்பார்கள். நல்ல மனிதர்தான், எங்கள் நிலத்துக்காக ஜெயிலுக்குப் போனவர். ஆனால் அவருடைய சிவப்புப் பேனா முதலில் தேடுவது சிரிப்பை. கதையில் நாங்கள் அழலாம், கொதிக்கலாம், குண்டடி பட்டுச் சாகலாம். கேலி பேசினால் போராட்டம் நீர்த்துப்போகுமாம். என் முதல் நாவலில் பல்லைக் காட்டாமலே ஓர் ஊர் முழுசாக வாழ்ந்து முடித்தது. பரிசும் கிடைத்தது.

இவள் நாவலில் சாவு வீட்டில்கூட ஒருத்தி வாயை அடக்க மாட்டாள். நிலம் அளக்க வந்த அதிகாரியைப் பெண்கள் சேர்ந்துகொண்டு கலாய்க்கும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் இன்னும் எரிந்தது.

நேற்று தோழர் கூப்பிட்டார்.

“தங்கச்சிகிட்ட நீயே பேசும்மா. அந்தக் கேலியெல்லாம் எடுத்துட்டா உடனே அச்சுக்குக் குடுத்துடலாம்.”

“மாட்டேன்னுட்டா?”

“வருஷத்துக்கு ஒரு மலை நாவல்தானே போடுறோம். உன்னோட ரெண்டாவது சும்மா கெடக்கு. அதைப் போட்டுடுவோம்.”

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. சூடு ஆறாத படுக்கை விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்தபடியே விஷயத்தைச் சொன்னேன். என் நாவலைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

“வெட்டலேன்னா?”

“புத்தகம் வராது.”

நெருங்கி வந்து தன் முனைகளை என் கையில் கொடுத்தாள். “நீ சொல்லுக்கா. நீ வெட்டுன்னா வெட்டிடறேன். அம்மா இருக்கற நெலமை உனக்குத் தெரியுமில்ல. அதுக்குள்ள அட்டையில என் பேரப் பாத்துட்டா போதும்.”

வெட்டு என்றால் சித்தி பார்த்துவிடுவாள்; ஆனால் அது என் நாவலைப் போலவே உயிரில்லாமல் வரும். வெட்டாதே என்றால் எழுத்து பிழைக்கும், புத்தகம் பெட்டிக்குள் தூங்கும், என்னுடையது கடைக்குப் போகும். நியாயமும் பொறாமையும் ஒரே பதிலைச் சொல்லின. இப்படி ஒரு வசதி எத்தனை பேருக்கு வாய்க்கும்!

“ஒரு வரியக்கூட வெட்டாதே” என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. “வேற யாரா இருந்தாலும் வந்தா போதும்னு சொல்லியிருப்பாங்க. நீ என் எழுத்தப் பாத்தே. கூடப் பொறந்தவ மாதிரிக்கா நீ.”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விரிப்பை இன்னொரு மடிப்பு மடித்தேன்.

“தோழர்கிட்ட நீயே சொல்லிடுக்கா. நான் பேசினா அழுதுடுவேன்.”

அவள் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் தோழரின் எண்ணை அழுத்திவிட்டேன்.