மடியில் கிடந்த குட்டி

சரவணைக் கிராமத்தில் மார்கழி வாடை விடிந்ததிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. தயாபரன் வாய்க்குள் ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஆட்டுக்கொட்டிலின் காற்றுப் பக்கத்தில் சாக்கு அடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி சறோஜினிதேவி விட்டபாடில்லை. சொன்ன நேரத்தில் சாக்குக் கட்டியிருந்தால் குட்டி விறைத்துச் செத்திருக்குமா என்று நாலாவது தடவையாகக் கேட்டாள். அவன் வாயிலிருந்து இன்னோர் ஆணியை எடுத்து அடித்தான்.

குளிர்தான் என்று முதலில் சொன்னவர் பக்கத்து வளவுத் தியாகலிங்கம். தாய் ஆடு ஈன்ற கையோடு செத்துப்போக, இரண்டு குட்டியில் நோஞ்சானுக்குத் தானே வந்து பால் பருக்குகிறேன் என்று கேட்டு வாங்கியவரும் அவர்தான். இருபத்தாறு வருடம் சுவிசில் உணவகக் குசினியில் சமையல் வேலை பார்த்தவர். மகள் பிரியவதனி போத்தலில் குடித்ததை ஊரிலிருந்து வந்த படத்தில்தான் கண்டார். தாயின் மடியில் மல்லாந்து கிடந்தாள், வாயில் போத்தல். அந்தப் படத்தில் கண்டபடியே குட்டியையும் மடியில் மல்லாத்தி, வயிற்றைத் தடவித் தடவிப் பருக்கினார். அது இருமியது. அவசரக் குடுக்கை என்று செல்லமாக ஏசினார். அந்த மூன்று நாளும் அவருக்கு அப்படியொரு சந்தோசம்.

குட்டி செத்த மறுநாள், ஊசி போட வந்த மிருகவைத்தியப் பெண் அவரிடம் போகிறபோக்கில் சொன்னாள். படுக்கவைத்துப் பருக்கினால் பால் சுவாசப்பைக்குள் போய்விடுமாம். குட்டி நின்றபடி, தலை நிமிர்ந்துதான் குடிக்கவேண்டுமாம். அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். உடனேயே இவர்களிடம் சொல்லியிருக்கலாம். அறுபத்திரண்டு வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமல் நின்று தயாபரன் ஏச்சு வாங்குவதைப் பார்ப்பது அதைவிட வெட்கமாக இருந்தது.

சறோஜினிதேவி மற்றக் குட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

“இதையும் நீங்களே பாருங்கோ அண்ணை. இவரை நம்பி ஒரு சீவனையும் விட ஏலாது.”

தியாகலிங்கம் குட்டியை நிலத்தில் நிறுத்தி, முழங்கால்களுக்கிடையில் அணைத்து, முகத்தை நிமிர்த்திப் போத்தலைக் கொடுத்தார். வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது. ஒருதரமும் இருமவில்லை.

தயாபரன் ஆணிகளை வாயிலிருந்து எடுத்தான்.

“ஏன் அண்ணை, இண்டைக்கு மடியில வைக்கேல்லை?”

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். சறோஜினிதேவியும் திரும்பிப் பார்த்தாள்.

“சாக்கில பிழையில்லைத் தயாபரன்,” என்றார் தியாகலிங்கம். “நீர் அதை விடும்.”

போத்தல் முடிந்துவிட்டது. குட்டி வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவர் போத்தலை எடுக்கவில்லை. தயாபரன் ஆணிகளை உள்ளங்கையில் வைத்தபடி நின்றான். பாதி அடித்த சாக்கு அவனுக்குப் பின்னால் காற்றில் அடிபட்டுக்கொண்டிருந்தது.