நடுவில் விழுந்த பள்ளம்

மூன்றாவது கேக்கும் நடுவில் அமுங்கிப் போயிற்று. அடுப்புக் கண்ணாடிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஜெனோவேவா, அது உப்பி எழுந்ததையும் பொன்னிறமானதையும் பிறகு மெல்ல இறங்கியதையும் கண் கொட்டாமல் பார்த்திருந்தாள். கதவை அடிக்காதே, சத்தமாகப் பேசாதே என்று காலையிலிருந்து வீட்டையே அடக்கி வைத்தும் பலனில்லை.

மலாக்காவில் கடலோரப் போர்த்துகீசியக் குடியிருப்பில் அவர்கள் வீடு. சனிக்கிழமை கார்லீனுக்குக் கல்யாணம். கல்யாண ரவை கேக் பெண் வீட்டு அடுப்பில்தான் வேக வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் பிடிவாதம். கார்லீனின் அம்மா ஓலிண்டா இறந்து எட்டு மாதமாகிறது. பொறுப்பு அவள் தங்கை ஜெனோவேவாவின் தலையில் விழுந்தது. ரவையை வெண்ணெயில் ஊறவைத்தது, பதினைந்து மஞ்சள் கரு, எல்லாம் அக்கா செய்தபடியேதான்.

அந்த எட்டு மாதமும் உறவினர் வாயில் ஒரே பேச்சுத்தான். ஓலிண்டா குரலை உயர்த்தியதில்லை, அலுத்துக்கொண்டதில்லை, அவள் கேக் விழுந்ததே இல்லை. கேட்கக் கேட்க ஜெனோவேவாவுக்கு ஆத்திரம் வந்தது. கேக் போடும் நாளில் அக்காவுக்குச் சோறு இறங்காது. நகத்தைக் கடித்தே விரல் புண்ணாகும். விழுந்த கேக்கைத் துணி போட்டு மூடி, யாருக்கும் சொல்லாதே என்று தங்கையிடம் சத்தியம் வாங்குவாள். பாராட்டிப் பாராட்டியே இவர்கள் அவளைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். இப்போது அந்தப் பயத்தையும் இல்லையென்று ஆக்கிவிட்டார்கள்.

ஓலிண்டாவின் நாத்தனார் ஹோர்டென்ஸ் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, பள்ளத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஓட்டல்ல ஒண்ணு சொல்லிடலாம் ஜெனி. அண்ணி பேரு கெட வேணாம். அவங்க கைக்கு ஒண்ணாவது விழுந்திருக்கா? என் கல்யாண கேக்கு இன்னும் நாக்குலயே நிக்குது. எனக்குன்னே நடுவுல ரெண்டு விரக்கடைக்குப் பாதாம் வச்சிருந்தாங்க."

ஜெனோவேவா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். அக்காவுக்குச் சத்தியம் செய்திருந்தாள். ஆனாலும் சொன்னாள்.

"உங்களுக்குன்னு வச்சதில்லக்கா அது. அங்க பள்ளம். பாதாம் விழுத வச்சு அடைச்சு, மேல ஐசிங் பூசினா. அரைச்சுக் குடுத்தவ நான்தான். அன்னிக்கு அவ அழுத அழுகையும் எனக்குத்தான் தெரியும்."

செத்தவள் மேல் பழி போடுகிறாள், தனக்குக் கை வராததற்கு அவளை இழுக்கிறாள் என்று ஹோர்டென்ஸ் கொதித்தாள். நியாயம் கேட்டு, வாசற்படியில் கல்யாணத்துக்குச் செருப்பு துடைத்துக்கொண்டிருந்த தன் அண்ணனைக் கூப்பிட்டாள். ஓலிண்டாவின் கணவர் அன்செல்ம் தலையை நிமிர்த்தவில்லை.

"நாலு கேக்கு," என்றார். "உன் கல்யாணத்துக்கு நாலு போட்டா. நாலும் விழுந்துச்சு. ஒண்ண அடைச்சுட்டு, மிச்சத்த பிராந்தில ஊறவச்சு கஸ்டர்ட் ஊத்தி எனக்கே குடுத்தா. அந்த வாரம் ஆபீஸ்ல ஒருத்தனும் என் பக்கத்துல உக்காரல."

ஜெனோவேவாவின் கோபம் அவரிடம் திரும்பியது.

"தெரிஞ்சுமா அத்தான் எட்டு மாசம் சும்மா இருந்தீங்க?"

எல்லாரும் நல்லதாகத்தானே சொல்கிறார்கள் என்று அவர் முனகினார்.

"எது நல்லது? அவ பட்ட பாட்டயெல்லாம் தொடச்சிட்டு, கைப்பக்குவத்த மட்டும் வச்சிக்கிட்டீங்க."

அவர் செருப்பைக் கீழே வைத்தார். உள்ளே வந்து கை கழுவிக்கொண்டு, கேக்குக்கு ஊறப்போட்டிருந்த பாதாமைத் தோலுரிக்க உட்கார்ந்தார். ஹோர்டென்ஸ் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாலாவது கேக்குக்கு ஜெனோவேவா மாவு கலக்கவில்லை. முதல் இரண்டையும் துண்டு போட்டுப் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கி, பிராந்தி தெளித்து, கஸ்டர்ட் ஊற்றினாள். மூன்றாவதன் பள்ளத்தில் பாதாம் விழுதை விரலால் அழுத்தி அழுத்தி அடைத்தாள்.

சனிக்கிழமை கார்லீன் கேக்கை வெட்டினாள். பரிமாறியது ஜெனோவேவா. ஹோர்டென்ஸ் தட்டை நீட்டினாள். அதில் ஓரத் துண்டு விழுந்தது.

"நடுத்துண்டு இல்லியா?"

"அது விழுந்த எடம்க்கா. உங்களுக்கு எதுக்கு?"

நடுத்துண்டை அவள் அன்செல்மின் தட்டில் வைத்தாள்.