இரண்டு நட்சத்திரங்களின் அகலம்

அன்று மதியம் அவளுக்கு நேர்முகத் தேர்வு. நிரந்தர வேலை. படிப்பு முடிந்த நாளிலிருந்து ஒப்பந்தம் முடிய முடியப் பெட்டி கட்டி, ஊர் ஊராக மாறி, கடைசியில் வந்திருந்த முதல் அழைப்பு அது. காலையில் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, பேசப்போவதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிஃப்டுக்குக் கிளம்பி, ஷூ லேஸைக் கட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"வேகமா பேசுற. மூச்சு விடு."

"கொஞ்ச நேரம்தான் குடுத்திருக்காங்க."

"அதுக்காக பஸ்ஸைப் பிடிக்க ஓடுற மாதிரி பேசணுமா? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு. அவங்களுக்குத் தன்னால புரியும்."

அவனுக்குப் புரியும்படி சொல்ல அவள் பழகியிருந்தாள். பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்துச் செத்த பிறகு மிஞ்சுகிற உருண்டை, நியூட்ரான் நட்சத்திரம். ஒரு நகரத்தின் அகலம்தான் இருக்கும், எடை சூரியனைவிட அதிகம். அத்தனை இறுக்கத்துக்குள் ஈர்ப்பு விசை நாம் நினைக்கிறபடியே நடந்துகொள்கிறதா, கொஞ்சம் தளர்ந்து கொடுக்கிறதா என்பதுதான் அவள் வேலை. தளர்கிறது என்று சொல்லும் கோட்பாடு ஒன்றைப் பலர் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை நட்சத்திரத்துக்குள் இறக்கி, அளந்து பார்க்கக்கூடிய ஒரு விஷயத்தை வெளியே இழுத்து வந்தது அவள். ஈர்ப்பு தளர்ந்தால், கனமான நட்சத்திரம் லேசான நட்சத்திரத்தைவிட நன்றாகவே அகலமாக இருக்க வேண்டும். உள்ளே என்ன பொருள் இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

"குண்டா இருக்கறவங்க அகலமா இருப்பாங்க. இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு படிப்பா?" என்பான் அவன்.

"மத்தவங்க கணக்குல குண்டனுக்கும் ஒல்லியனுக்கும் ஒரே சட்டை போதும். என் கணக்குலதான் குண்டனுக்குப் பெரிய சட்டை வேணும்."

லேசான நட்சத்திரம் ஒன்றை எக்ஸ்ரே தொலைநோக்கி வைத்து ஏற்கெனவே அளந்திருந்தார்கள். கனமானதை ஒரு குழு அளந்துகொண்டிருந்தது. அந்த அளவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் பெரிய சட்டையாகத்தான் வரும் என்று அவள் நம்பினாள். வெறும் ஆசையில் நம்பவில்லை. கணக்கு அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தது.

கணவன் அவள் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு வெளியே போனான். கதவு சாத்திய சத்தம் அடங்குவதற்குள் போனில் செய்தி வந்தது. அவளோடு ஒரே அறையில் வேலை செய்கிறவன், எல்லோரும் தாடி என்று கூப்பிடுகிறவன், அனுப்பியிருந்தான். "பாத்தியா?" என்று ஒரே வார்த்தை. கீழே ஒரு இணைப்பு.

கனமான நட்சத்திரத்தின் அளவு வந்திருந்தது.

அவள் கட்டுரையின் சுருக்கத்தைப் படிக்கவில்லை. நேராகப் படத்துக்குப் போனாள். இரண்டு நட்சத்திரங்களையும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஒரே அகலம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து மூடலாம் போல இருந்தது.

முதலில் பிழை எல்லையை, அளவு எவ்வளவு தவறியிருக்கலாம் என்று காட்டும் கோட்டைப் பார்த்தாள். குறுகலாக இருந்தது. அவளுக்கு வேண்டிய அகலம் அதற்கு வெகு தூரத்தில், படத்தின் ஓரத்தில் கிடந்தது. பிறகு தன் கணினி நிரலைத் திறந்து புதிய அளவை உள்ளே கொடுத்தாள். அவள் கோட்பாட்டில் ஒரே ஒரு எண் உண்டு, ஈர்ப்பு எவ்வளவு தளர்கிறது என்று சொல்லும் எண். அதைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். பூஜ்ஜியத்தை ஒட்டிப் போனபோதுதான் கணக்கு பொருந்தியது. பூஜ்ஜியமானால் அது அவளுடைய கோட்பாடே இல்லை. நூறு வருஷமாக எல்லோரும் வைத்திருக்கிற ஐன்ஸ்டைனின் கோட்பாடு.

நிரலில் தப்பு இருக்குமோ என்று வரி வரியாகத் தேடினாள். தப்பு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அவள் தேடியது அன்றுதான் முதல் தடவை. எல்லாம் சரியாக இருந்தது.

அப்போதுதான் கட்டுரையின் மேலே எழுதியவர்களின் பெயர் வரிசை கண்ணில் பட்டது. நீண்ட வரிசை. நடுவில் ஆந்தையின் பெயர்.

ஆந்தை அவளோடு ஒரே விடுதி அறையில் தங்கிப் படித்தவள். ராத்திரி பூரா தொலைநோக்கியோடு உட்கார்ந்துவிட்டுப் பகலில் தூங்குவாள் என்பதால் வந்த பெயர். அவள் எக்ஸ்ரே குழுவில் இருப்பது இவளுக்குத் தெரியும். ஆனால் அந்தக் குழுவில் ஊர்ப்பட்ட வேலைகள் நடந்தன. எந்த நட்சத்திரம் என்று இவள் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

போன மாதம்தான் ஆந்தை வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பிட்ட பிறகு, "உக்காரு, நீதான் தேர்வுக் குழு" என்று சோபாவில் அவளை உட்கார வைத்து, இவள் முழுப் பேச்சையும் பேசிக் காட்டினாள். ஆந்தை கடைசி வரை கேட்டாள். "நல்லா இருக்குடி," என்றாள். பிறகு, "இந்த ஒரு விஷயத்தை மட்டும் நம்பிப் போகாம வேற ஏதாவது சேத்துக்கலாமே," என்றாள். இவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏன், இது போதாதா?" என்று கேட்டாள். ஆந்தை எழுந்து போய், வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல், எல்லாப் பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது போன் போட்டாள். மணி அடித்ததும் ஆந்தை எடுத்தாள், காத்திருந்தது மாதிரி.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

மறுபக்கம் கதவு ஒன்றைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"என் வீட்டு சோபால உக்காந்து கேட்டியே, அன்னிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா தலையாட்டின?"

"வெளியில மூச்சு விடக் கூடாதுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டிருந்தோம். ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது. உன்கிட்ட சொல்லவே கூடாது. அகலம் இவ்வளவு இருக்கும்னு கணக்குல முன்னாடியே சொன்னவ நீ. உன் காதுல விழுந்துச்சுன்னு தெரிஞ்சா, அளந்ததையே ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

"நீ சொல்ல மாட்டடி. ஆனா உன் முகம் சொல்லிடும்."

இவளுக்கு அழுகை வரவில்லை. "கட்டுரை வர்ற தேதியையாவது கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாமே. ஒரு வாரம்."

"கேட்டேன். காரணம் சொல்லாம கேட்டேன். அங்க என் பேச்சை யாரு கேக்கறா?" ஆந்தையின் குரல் உடைந்தது. "நீ என் இடத்துல இருந்தா சொல்லியிருப்பியா?"

இவள் போனை வைத்துவிட்டாள். சொல்லியிருக்க மாட்டாள் என்பது அவளுக்கே தெரிந்ததால்தான் வைத்தாள். திட்டுவதற்கு ஒரு ஆள்கூட இல்லாமல் போனது.

அம்மா தினமும் அந்த நேரத்தில் கூப்பிடுவாள். அன்றும் கூப்பிட்டாள். எடுக்காமல் இருந்திருக்கலாம், எடுத்துவிட்டாள். குரலைக் கேட்டதுமே அம்மா, "என்ன கண்ணு, ஜலதோஷமா?" என்றாள். இவள் சொன்னாள். முடிந்த அளவு சுருக்கமாகச் சொன்னாள்.

"அளந்தவங்க சரியாத்தான் அளந்தாங்களா?"

"சரியாத்தான் அளந்திருக்காங்கம்மா."

"இப்ப இதை யாருகிட்டயாவது சொல்லி மாத்த முடியாதா? உங்க பேராசிரியர் பெரிய ஆளாச்சே, அவர் ஒரு வார்த்தை பேசினா?"

"யாருகிட்டம்மா பேசறது?"

மகளின் படிப்பில் எந்தச் சிக்கல் வந்தாலும், கட்டணமோ விடுதியோ, யாரையாவது பார்த்துப் பேசி அம்மா சரிசெய்திருக்கிறாள். பார்த்துப் பேச ஆளில்லாத சிக்கல் இதுதான். "வயித்தைக் காயப் போடாம ஏதாவது சாப்பிட்டுட்டுப் போ," என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் போகும்போது தாடி கூப்பிட்டான். "இந்தா பாரு, கட்டுரை வந்தே சில மணி நேரம்தான் ஆகுது. தேர்வுக் குழுவுல பாதிப் பேர் வேற துறை. ஒருத்தரும் படிச்சிருக்க மாட்டாங்க. நீ பாட்டுக்கு உன் பேச்சைப் பேசிட்டு வா. வேலை கிடைச்சப்புறம் மத்ததைப் பாத்துக்கலாம்."

"அப்படியா சொல்ற?"

"அப்படித்தான் சொல்றேன். இது உன் தப்பா? இல்லல்ல?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி மடியில் கணினியை வைத்து, கடைசி ஸ்லைடுக்கு முன்னால் புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். நீக்கினாள். மறுபடி சேர்த்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. வெயிலில் திரும்பி நடந்தாள்.

தேர்வு அறை சின்னது. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், சரியாக வேலை செய்யாத திரை. தலைவராக இருந்தவர் நரைத்த முடியை ஒட்ட வெட்டிய அம்மையார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் பேசினாள். கணவன் சொன்னபடி மூச்சு விட்டுப் பேசினாள். நன்றாகவே வந்தது. ஓரத்தில் இருந்த இளைஞர் ஒருவர் முன்னால் சாய்ந்து கேட்கத் தொடங்கினார். ஒரு கட்டத்தில் அவளுக்கே மறந்துவிட்டது. இது உண்மையாக இருந்தால் எப்படி இருக்கும் என்று காட்டும்போது வழக்கமான சந்தோஷம் கையிலும் குரலிலும் ஏறியது.

பிறகு புதிய ஸ்லைடு வந்தது. அதை அவள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

"இது இன்னிக்குக் காலையில வந்த அளவு. ரெண்டு நட்சத்திரமும் ஒரே அகலம். அதனால, நான் இதுவரைக்கும் சொன்ன விளைவு இயற்கையில இல்ல."

அந்த இளைஞர் மெல்ல நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அவர் காலையிலேயே படித்துவிட்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. இன்னும் இரண்டு பேரும் படித்திருந்தார்கள். அவள் சொல்வாளா மாட்டாளா என்று காத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மையார்தான் பேசினார். "நீங்க இங்க வந்தா அடுத்த அஞ்சு வருஷம் என்ன செய்வீங்கன்னு கேக்கணும். அது எங்க கடமை."

அதற்கு அவளிடம் அருமையான பதில் இருந்தது. ஐந்து ஸ்லைடுகள் இருந்தன. எல்லாமே அந்த எண் பூஜ்ஜியம் இல்லை என்பதன் மேல் கட்டியவை.

"தெரியலங்க," என்றாள். "யோசிக்கணும். இன்னும் யோசிக்க நேரம் கிடைக்கல."

"நியாயம்தான்," என்றார் அவர்.

லிஃப்ட் வரை கூடவே வந்தார். "நீங்க பேசின விதம் ரொம்ப நல்லா இருந்தது. உண்மையாச் சொல்றேன்." கதவு மூடுகிற வரைக்கும் அவர் நின்றுகொண்டே இருந்தார். அவர் கடுகடுவென்று இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று இவளுக்குத் தோன்றியது. கீழே தெருவில் பழம் வாங்குகிறவர்கள், சைக்கிளைப் பூட்டுகிறவர்கள், போனில் கத்துகிறவர்கள். நட்சத்திரம் எந்த அகலத்தில் இருந்தால் அவர்களுக்கு என்ன? அவர்களோடு சேர்ந்து கொஞ்ச தூரம் சும்மா நடந்தாள்.

சாயந்திரம் கணவன் வந்தபோது அவள் உடை மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான்.

"கணக்குல எங்கயாவது தப்பா?"

"இல்ல. எல்லாம் சரி."

"அளந்ததுல?"

"அதுவும் சரி."

"அப்புறம் எப்படி?"

"கணக்கு சரி. உலகம்தான் அப்படி இல்ல."

அவன் தலையைச் சொறிந்தான். ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாகச் செய்தும் போய்விடுகிறவர்களை அவன் வாரத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறவன். அவர்கள் வீட்டாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குப் பழக்கம் உண்டு. அதில் ஒன்றையும் இவளிடம் சொல்ல அவனால் முடியவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்து வெந்நீர் போட்டான். அந்த வேலை கிடைத்தால் குடிபோகலாம் என்று அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை அவன் ரகசியமாகப் பார்த்து வைத்திருந்ததை, அதற்கப்புறம் பல மாதம் கழித்துத்தான் வாய் தவறிச் சொன்னான்.

வேலை வேறொருவருக்குப் போனது. அவளுடைய ஒப்பந்தமும் முடிந்தது. "இந்தத் தடவை என் வேலையைப் பாத்துப் போலாமா?" என்று கணவன் கேட்டபோது அவனுக்கே கூச்சமாக இருந்தது. இத்தனை வருஷம் அவள் பின்னால் பெட்டி தூக்கியவன் அவன். அவள் சரி என்றாள். புது ஊரில் ஒரு கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தாள். பல்கலைக்கழகத்தில் விருந்தினர் என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். அதைக் காட்டி நூலகத்துக்குள் போகலாம். உட்கார இடம் கிடையாது.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்தது. புதிய அளவை வைத்து அந்த எண் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று யாராவது முறையாகக் கணக்குப் போட்டு எழுத வேண்டும். அதற்கான சமன்பாடுகளை அவள் அளவுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அவள் எழுதாவிட்டால் வேறொருவர் அரைகுறையாக எழுதுவார். அதற்கு அளவெடுத்த குழுவின் மூலத் தரவு வேண்டும். ஆகவே ஆந்தையைக் கூப்பிட்டாள்.

இருவரும் வாரக் கடைசியில் திரையில் சந்தித்து வேலை செய்தார்கள். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. வரைபடம், அச்சு, பிழை எல்லை, இவ்வளவுதான். ஒரு நாள், வரைபடம் திரையில் பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது, ஆந்தை கேமராவைப் பார்க்காமல் கேட்டாள்.

"அன்னிக்கு நான் சொல்லியிருக்கணுமாடி?"

சொல்லியிருந்தால் ஆந்தையின் வேலை போயிருக்கும். இவளுக்கு அந்த வேலையும் கிடைத்திருக்காது, நட்சத்திரமும் அகலமாகியிருக்காது. அந்த ஒரு மாதம் மட்டும், நம்பிக்கொண்டு பேசிப் பேசிப் பார்த்த அந்த மாதம் மட்டும், இல்லாமல் போயிருக்கும். அது இருந்தது நல்லதா கெட்டதா என்று இப்போதும் அவளால் சொல்ல முடியவில்லை.

"தெரியலடி," என்றாள்.

படம் முழுதாக வந்துவிட்டது. அவளுடைய எண் இனி இருக்க முடியாத இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் அடைபட்டு, இடது ஓரத்தில் பூஜ்ஜியத்தை ஒட்டி ஒரு நூலளவு வெள்ளை மிச்சம் இருந்தது.

"இந்தச் சாம்பல் ரொம்ப அடர்த்தியா இருக்கு," என்றாள் ஆந்தை. "கொஞ்சம் வெளுப்பாக்கட்டுமா?"

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும். கீழ எழுத்தை மட்டும் பெரிசாக்கு."